விடாத வாய்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தகட்டை இழுத்துக் கட்டி முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் நாலு பேர் இருந்தார்கள். நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடும் ஜிஐ தகடு ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக வர வேண்டும். முன்முனையைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிட்டு, பின்முனையைச் செயின் பிளாக் போட்டு இழுத்தார்கள். ஒருவர் கேஸ் டார்ச்சால் தகடு முழுக்கச் சூடு காட்டிக்கொண்டே நடந்தார். சூட்டில் தகடு நீளும். நீண்ட நிலையிலேயே பிடித்து அங்கங்கே வெல்டிங் டாக் அடித்துவிட்டால், ஆறும்போது சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு இல்லாத தகடு, பஸ் எண்பதில் ஓடும்போது படபடவென்று அடித்துக்கொண்டே வரும்.

சூடு காட்டியதற்கும் டாக் அடிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் தகட்டின் விளிம்பைச் சட்டத்தோடு கவ்வி நிற்பவை வைஸ் கிரிப்புகள், பூட்டிக்கொள்ளும் குறடுகள். எண்ணினேன், பதினொன்று இருந்தன. ஏழாவது ‘டப்’ என்று வாய் திறந்து கீழே விழுந்தது. அது விட்ட இடத்தில் தகடு ஒரு விரல் உயரத்துக்கு உப்பி எழுந்தது. பக்கத்தில் இருந்த ஆறாவதும் எட்டாவதும் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தாங்கின.

“டார்ச்சை எடுக்காத, எடுக்காத!” என்று கத்தினார் மேஸ்திரி. இடுப்புப் பையிலிருந்து கறுத்த, பழைய வைஸ் கிரிப் ஒன்றை உருவி, உப்பிய இடத்தில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓர் அழுத்து அழுத்தினார். ‘டக்’. தகடு சட்டத்தோடு போய் உட்கார்ந்தது. வெல்டர் உடனே நாலு டாக் வைத்தார்.

அந்த இரண்டு சத்தங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான் நான் கரூருக்குப் போயிருந்தேன். கடையில் 250 ரூபாய்க்கும் வைஸ் கிரிப் கிடைக்கிறது. பெயர் பெற்ற இந்தியக் கம்பெனிச் சரக்கு 600, 700 ரூபாய்க்கு வருகிறது. வெளிநாட்டு உருப்படி 2,500-ஐத் தாண்டுகிறது, ஜெர்மன் சரக்கு 4,000-ஐயும் தாண்டுகிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே ஜாடைதான். கூடுதல் காசு அந்த இரும்பில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கேள்வி.

கேள்வி வந்தது என் சொந்தக் கையிலிருந்து. வீட்டில் போர் மோட்டாரின் ஜிஐ குழாயில் துருப்பிடித்த கப்ளிங் ஒன்றைக் கழற்றப் போனேன். தெருமுனைக் கடையில் வாங்கிய மலிவான வைஸ் கிரிப்பைப் பூட்டி, முழுப் பலத்தோடு இழுத்தேன். பல் வழுக்கியது, கை போய் மோட்டார் கிளாம்பின் விளிம்பில் மோதியது. வலது உள்ளங்கையில் அஞ்சு தையல். மூன்று வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. எனக்கு அது மூன்று வார எழுத்து. இந்தப் பட்டறையில் ஒருவருக்கு அது மூன்று வாரக் கூலி.

சாப்பாடு முடிந்து, டிபன் கேரியரைக் கழுவி வைத்துவிட்டு மேஸ்திரி தன் பெட்டியைத் திறந்தார். இருபத்தெட்டு வருடமாக இந்த வேலை. “இப்ப விட்டுச்சே, அது நல்லா இருந்ததுதானுங்க. ஆறு மாசம் ஆச்சு, அவ்வளவுதான் அதோட ஆயுசு” என்றார். விழுந்ததை என் கையில் கொடுத்து, வாயைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். ஆடும் பல்லைப் போல அசைந்தது. பிறகு தகட்டைக் காப்பாற்றிய கறுப்புக்காரனைக் கொடுத்தார். ஆட்டினேன், அசையவில்லை.

வைஸ் கிரிப்பின் சூட்சுமம் ரிவிட்டுகளில் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே ஒரு குட்டித் தண்டு நிமிர்ந்துகொண்டே வரும். முட்டியை மடக்கி நிற்கும் ஆளைச் சுலபமாகச் சாய்த்துவிடலாம், காலை நேராக ஊன்றிவிட்டால் தோளில் நெல் மூட்டையே ஏற்றலாம். அதே கதைதான் இங்கும். மூன்று மூட்டுகளும் ஒரே கோட்டுக்கு வர வர, கை கொடுக்கும் சின்ன அழுத்தம் வாயில் பல மடங்காகப் பெருகுகிறது. கோட்டை ஒரு மயிரிழை தாண்டியதும் பாரமே அதைப் பூட்டிய நிலையில் வைத்திருக்கிறது, கையை எடுத்துவிடலாம். அந்த மயிரிழைதான் எல்லாம். ரிவிட்டின் ஓட்டை தேய்ந்து அகன்றாலோ, கைப்பிடித் தகடு பாரத்தில் வளைந்தாலோ, பின்பக்கத் திருகின் மரை தளர்ந்தாலோ அந்த மயிரிழை காணாமல் போய்விடும். பிறகு ஓர் அதிர்வு போதும், வாய் திறந்துவிடும்.

நல்ல சரக்கில் வாய் இரண்டும் கெட்டியான எஃகை அடித்து உருவாக்கியவை, பல்லுக்குத் தனியாகச் சூடேற்றிப் பதம் வைத்திருப்பார்கள். கைப்பிடித் தகட்டின் தடிமன் கூடுதலாக இருக்கும். ரிவிட் ஓட்டையில் இறுகி உட்கார்ந்திருக்கும். மலிவுச் சரக்கிலும் இதே உறுப்புகள் எல்லாம் உண்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். புதிதில் அந்தக் குறை கைக்குத் தெரியாது. ஆறு மாத அடியில் எல்லாக் குறையும் ஒன்றாகக் கூடிக்கொண்டு வெளியே வரும்.

கறுப்புக்காரனின் கைப்பிடியை என் வேட்டி நுனியால் துடைத்தேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது: பீட்டர்சன் கம்பெனி, டிவிட், நெப்ராஸ்கா, யுஎஸ்ஏ. மேஸ்திரியின் அண்ணன் சவுதியில் ஃபேப்ரிகேஷன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தது என்றார். டிவிட் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது, நான் சொன்னேன். டென்மார்க்கிலிருந்து பிழைக்கப் போன வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் அந்தச் சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தார். இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிட்டு, தானாகவே கவ்விக்கொண்டிருக்கும் ஒரு பிடி வேண்டுமென்று அலைந்தவர் அவர். 1921-இல் முதல் காப்புரிமை வாங்கினார், பூட்டும் கைப்பிடிக்கு 1924-இல் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்டிய வெல்டர்கள் கையில் அந்தக் கருவி புழங்கியது. பிறகு கம்பெனி கைமாறியது. 2008-இல் டிவிட் ஆலையை மூடி உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அதே ஊரில் மால்கோ என்ற இன்னொரு கம்பெனி மறுபடி நல்ல எஃகில் வைஸ் கிரிப் செய்ய முயன்று, சில வருடங்களிலேயே நிறுத்திக்கொண்டது.

மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். “கொல்லன் பண்ணுனதுங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அதை வாங்கித் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வெல்டிங் பொறி மரையில் ஒட்டினால் திருகு சுற்றாது. விலை கூடினாலும் குறைந்தாலும் பொறிக்கு ஒன்றுதான்.

அப்படியானால் பதினொன்றையும் உயர்ந்ததாகவே வாங்கிவிடலாமே என்று கேட்டேன். வெல்டர் குறுக்கே வந்தார். “எதுக்குங்க? எட்டு ஒம்பது கிரிப்பு சும்மா புடிச்சுக்கிட்டு நிக்கும். பாரம் வர்ற எடம் ரெண்டோ மூணோதான்.” தன் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துத் தரையில் பரப்பினார். மலிவு வைஸ் கிரிப்பின் வாயை அறுத்துவிட்டு, பட்டைக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து வெல்டிங் வைத்திருந்தார். சட்டத்தைச் சுற்றிப்போய் அந்தப் பக்கத்தைக் கவ்வ ஒன்று. இரண்டு சதுரக் குழாய்களை மூலைமட்டத்தில் பிடிக்க ஒன்று. நீள மூக்கோடு ஒன்று, ஜன்னல் சட்டத்தின் உள்முனைக்கு. எதுவும் கடையில் கிடைக்காது. மலிவாகக் கிடைப்பதால்தான் அறுக்கக் கை வருகிறது. நாலாயிரம் ரூபாய்ச் சாமானின் வாயை யார் அறுப்பார்கள்? மலிவுச் சரக்கை நான் ஏளனமாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இந்த மூன்றையும் பார்த்த பிறகு அந்த நினைப்பு இல்லை.

ஆனாலும் பாரம் வருகிற அந்த இரண்டு மூன்று இடங்களில் என் தீர்ப்பு உறுதியானது. அங்கே உயர்ந்த விலை கொடுத்தே ஆக வேண்டும். தகட்டின் பின்முனை, கூரை வளைவு முதுகுச் சட்டத்தைத் தொடும் இடம், தலைக்கு மேலே கையை உயர்த்திப் பிடிக்கும் எதுவும். அங்கே ஒன்று விட்டால் தகடு முகத்துக்கு வரும். மலிவு வைஸ் கிரிப்பை வருடத்துக்கு இரண்டு மாற்றினால் ஐந்து வருடத்தில் 2,500 ரூபாய் ஆகிவிடுகிறது. டிவிட் கறுப்பன் இருபது வருடத்தைத் தாண்டியும் அசையாமல் இருக்கிறான். இந்தக் கணக்கு மேஸ்திரிக்கும் தெரியும், வெல்டருக்கும் தெரியும்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. கட்டை விரல். இறுகப் பூட்டிய வைஸ் கிரிப்பை விடுவிக்க உள்ளே இருக்கும் லிவரைத் தட்ட வேண்டும். மலிவுச் சரக்கில் அது லேசில் விடாது, விட்டால் சுரீரென்று துள்ளி விரலின் சதையைக் கிள்ளிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை தட்டுவீர்கள் என்று கேட்டேன், மேஸ்திரி பதில் சொல்லவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டை விரலின் அடிமூட்டு புடைத்திருந்தது. குளிர்காலக் காலையில் டம்ளரைப் பிடிக்கவே அந்த விரல் ஒத்துழைக்காதாம். லேசாக விடுபடும் லிவர் உயர்விலைச் சரக்கில் உண்டு. விலைச்சீட்டில் அந்த வசதியை ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். இருபத்தெட்டு வருடம் தட்டிய விரலுக்கு அது ஒரு வரி இல்லை.

எல்லாம் தெரிந்தும் ஏன் பெட்டியில் ஒரே ஒரு நல்லது? அங்கே இருந்தவர்கள் பஸ்ஸுக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுப்பவர்கள். வெல்டிங் மெஷினும் கேஸும் பட்டறையுடையது, கைச்சாமான் அவரவருடையது. 2,500 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் மாதத்தில் அது நடக்காது. 250 எந்த மாதத்திலும் நடக்கும். போதாததற்கு, நல்ல சாமான் பட்டறையில் ஒருமுறை கைமாறினால் திரும்பி வருவது கஷ்டம். பீகாரிலிருந்து வந்து பூச்சு வேலை பார்க்கும் பையன்கள்கூட அந்தக் கறுப்பனைக் கேட்டு வாங்கிப் போவார்களாம். அடையாளத்துக்கு மேஸ்திரி அதன் கைப்பிடியில் கொஞ்சம் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறார். தகடு நேராக வந்தால் லாபம் பட்டறைக்கு, கருவி விட்டால் காயம் தொழிலாளிக்கு, வாங்குகிற காசும் தொழிலாளியுடையது. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது. லட்சக்கணக்கில் பில் போடும் ஒரு பஸ்ஸுக்கு, பாரம் தாங்கும் மூன்று நல்ல பிடிகளைப் பட்டறையே வாங்கி வைக்கலாம். அதை அங்கேயே மேனேஜரிடமும் சொன்னேன். “பாக்கலாமுங்க” என்றார்.

மேஸ்திரியின் கையாளாக ஒரு பையன் இருக்கிறான், வந்து எட்டு மாதம். இந்த மாதம் முதல் முறையாகச் சொந்தச் சாமான் வாங்கப் போகிறான். எப்படிப் பார்த்து வாங்குவது என்று மேஸ்திரி அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “வாயை மூடி வெளிச்சத்துல புடி. பல்லு முழுசா ஒட்டியிருக்கா, நடுவுல வெளிச்சம் தெரியுதா பாரு. அப்புறம் ரெண்டு பக்கமும் ஆட்டு. திருகைக் கடைசி வரைக்கும் உள்ள விட்டு வெளிய எடு, எங்கயாச்சும் பிடிச்சா வேண்டாம்.” பையன் கறுப்பனை வாங்கி, மூடி, கூரைத் தகட்டின் ஓட்டை வழியே விழுந்த வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“தெரியுதாடா?”

“இல்லீங்ணா. ஒண்ணுமே தெரியல.”

“அது மாதிரி தேடு” என்றார் மேஸ்திரி. அதற்குள் வெல்டர் அடுத்த பக்கத்துத் தகட்டைத் தூக்கிவிட்டார், எல்லாரும் எழுந்துகொண்டார்கள்.