ஹிரா மலையில் ஏறும் முன்...

காத்திவாக்கத்தில் வாழும் நமக்குக் கடல் தெரியும்; மலை தெரியாது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே இருப்புப்பாதை, இடையே கடல் மட்டத்தையொட்டிய சமவெளி. எண்ணூரிலிருந்து இராயபுரம்வரை நடந்தாலும் ஏறி இறங்க ஒரு குன்று கிடையாது. இந்த மண்ணிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் அன்பு வாசகர்களே! மக்கமாநகர் சேர்ந்ததும், ஜபலுந்நூர் மலையில் ஏறி ஹிராக் குகையைக் காண வேண்டுமென்ற ஆவல் உங்களுக்கு எழத்தான் செய்யும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது நாற்பதாம் வயதில் முதல் வஹீயைப் பெற்ற இடமன்றோ அது! அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லத்திலிருந்து உணவு எடுத்துச் சென்று, நாட்கணக்கில் நாயகம் அங்கே தனித்திருந்தார்கள்.

ஆனால் இம்மலையேற்றம் ஹஜ்ஜின் கடமைகளுள் ஒன்றன்று; ஏறாதவருடைய ஹஜ்ஜில் எக்குறையும் இல்லை. அரஃபாத்தில் தங்குவதோ ஹஜ்ஜின் உயிர்நாடி. அரஃபா நாளுக்கு முன்னர் மலையேறிக் காலைப் பிசகிக்கொண்டு, வாழ்நாள் சேமிப்பைச் செலவழித்து வந்த கடமையைச் சக்கர நாற்காலியில் நிறைவேற்றுவது அறிவுடைமையா? ஹஜ் முடியட்டும், பிறகு ஏறலாம். குளிர்காலத்தில் உம்ராவுக்குச் செல்வோருக்கு வாய்ப்பு இன்னும் நல்லது.

அந்த மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள். ஒன்றுபோல் மற்றொன்று இராது. உச்சியை அடைந்துவிட்டால் குகை வந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். மறுபக்கம் சற்றே இறங்கி, பாறை இடுக்கில் நுழைந்து செல்ல வேண்டும். குகைக்குள் ஓரிருவர் நின்று தொழ மட்டுமே இடமுண்டு. வாயிலில் முண்டியடிப்பதுதான் பெரிய ஆபத்து. கூட்டம் மிகுந்திருந்தால் வெளியிலிருந்தே பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நம்மவர் ஏமாறுவது வெயிலிடம்தான். நாம் வெப்பத்தை வியர்வையால் அளந்து பழகியவர்கள். இங்கே சட்டை நனையும், தாகம் எடுக்கும், பிற்பகலில் கடற்காற்று வந்து ஆற்றும். மக்காவின் வறண்ட காற்றிலோ வியர்வை சுரந்தவுடன் உலர்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள். உடலின் நீரும் உப்பும் ஓசையின்றிக் குறைந்துகொண்டிருக்கும். 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது அங்கே வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டு 1301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்கள் சமதளத்திலும் சாலையிலும் நடந்தவர்களே என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். மாலையில் ஏறலாமே என்பார்கள். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவிலும் அனலை வீசும், இருட்டில் படியும் தெரியாது. தாகத்துக்குக் காத்திராமல் சிறிது சிறிதாக நீர் பருகுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். காலைப் பற்றும் காலணி தேவை. அபாயா அணிந்த சகோதரிகள் இறங்கும்போது ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில்தான் முழங்கால் ஏமாற்றும். நீரிழிவுக்காரர்களும், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேட்காமல் ஏறலாகாது. தலைவலி, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடனே நிழலில் அமர்த்தி, உடலை நனைத்து விசிறுங்கள். செம்பிறைச் சங்கத்தின் அவசர எண் 997.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே காலையில் கடற்கரை மணலில் நடந்தும், மாடிப்படி ஏறி இறங்கியும் பழகுங்கள். தவ்ர் மலை ஹிராவைவிட உயரம், பாதையும் நீளம். வடக்கேயுள்ள மதீனாவுக்குச் செல்ல நாயகம் தெற்கேயுள்ள அம்மலையில் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் மூன்று இரவுகள் தங்கியது, தேடி வந்தோரைத் திசைமாற்றிய நுட்பம். முதியோர் அதை அடிவாரத்தில் வாகனத்திலிருந்தே பார்த்துவிட்டு வரலாம். அங்கிருந்தே உச்சி நன்றாகத் தெரியும்.