காத்திருந்து பாடிய குரல்

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் என் கணவர் அந்தப் பழைய கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டுவார். போடு என்று அர்த்தம். பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகளாக அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது.

ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் பினாங்கில் வாங்கி வந்த கேசட் அது. எல்லா பிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 'எல்லா அண்ட் லூயி'. 1956 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹாலிவுட்டில் பதிவானது. மொத்தம் 11 பாடல்கள்.

முதல் தடவை கேட்டபோது, "இந்த ஆளுக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த அம்மா குரலையும் சேர்த்துக் கேளு" என்றார்.

பெயர்தான் எல்லா என்றால், பாடியதும் எல்லாமேதான். 1917இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் தாயை இழந்தார். 1934இல் நியூயார்க் அப்போலோ அரங்கில் நடந்த புதியவர்களுக்கான போட்டிக்கு நடனமாடத்தான் போனார். தமக்கு முன் ஆடியவர்களைப் பார்த்துப் பயந்து, ஆடாமல் பாடினார். முதல் பரிசு கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு குழந்தைப் பாட்டை ஜாஸ் இசையில் பாடி நாடறிந்த பாடகியானார். துள்ளல் பாட்டு, காதல் பாட்டு, சொற்களே இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடும் 'ஸ்கேட்' என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1960இல் பெர்லின் மேடையில் பாடல் வரிகள் மறந்துபோயின. பாட்டை நிறுத்தாமல் சொந்தமாக வரிகளைக் கட்டி, நடுவில் ஆம்ஸ்ட்ராங்கின் குரலிலும் பாடிக் காட்டினார். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதே கிடைத்தது.

அப்படிப்பட்டவர் இந்தக் கேசட்டில் என்ன செய்கிறார்? 'சீக் டு சீக்' பாடலில் ஆம்ஸ்ட்ராங் முதலில் பாடுகிறார். கரகரத்த குரல், நிதானமாகப் பாடுகிறார். எல்லா குறுக்கே வருவதில்லை. தம் முறை வந்ததும் அலட்டாமல் தொடர்கிறார். அவருடைய இனிமைக்குப் பக்கத்தில் அந்தக் கரகரப்பும் அழகாகிவிடுகிறது.

நானோ, கணவர் ஒரு சொல்லைத் தேடும்போதே அதை நானே சொல்லி முடித்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். அவர் பாதியில் வாயை மூடிக்கொள்வதைக் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆனது.

எல்லா கடைசிக் காலத்தில் நீரிழிவால் இரு கால்களையும் இழந்து, 1996இல் மறைந்தார். அவர் குரல் மட்டும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இன்னும் நிற்கிறது.

போன ஞாயிறு, பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேத்தண்ணிதான் கேட்கிறார் என்று எழுந்தேன். பிறகு, அந்த அம்மாவைப் போல, காத்திருந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது.

"நீயும்... உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.