பன்னிரண்டு கிலோமீட்டர் பயணம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, பக்கத்து சீட்டு அம்மாளிடம் ஊர் விசாரிப்பதற்குள் ஆண்டாள் கோபுரம் தெரிந்துவிடும். அந்த 12 கிலோமீட்டரைத் தாண்ட எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

அங்கேதான் என் பள்ளித் தோழி இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. கல்யாணமாகி அவள் வில்லிபுத்தூர் போனாள். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டேன். எங்கள் வீட்டுக்காரர்களும் நல்ல சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெரியம்மா அதே நோயில் போனவர். போய் என்ன பேசுவது? அவள் முன்னால் அழுதுவிட்டால்? இப்படியே தள்ளிப் போட்டேன். போனில் மட்டும், "உடம்பைப் பார்த்துக்கடி" என்பேன். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு மூட்டுவலி என்று காரணத்துக்கா பஞ்சம்?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. என் கணவர் காலையிலேயே கடைக்குப் போய், எங்கள் ஊர் சப்பட்டை மாம்பழம் ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

"இவ்வளவு பழம் யாருக்குங்க?"

"வில்லிபுத்தூருக்கு. சேலையை மாத்திட்டுக் கிளம்பு" என்றார். அந்தக் குரலில் அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது.

எட்டு மணி பஸ். ஜன்னலோரம் எனக்கு விட்டுக் கொடுத்தார். என் மனசைத் திருப்பத்தானோ என்னவோ, வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்லின் கதை, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட நம்மூர் பி.எஸ். குமாரசாமி ராஜா சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த கதை, எல்லாம் நான் நூறு தடவை கேட்டவைதான். இடது பக்கம் கூடவே வந்தது மேற்குத் தொடர்ச்சி மலை. சாம்பல் நிற அணில்களுக்காக அங்கே 1988-இல் சரணாலயம் வைத்தார்கள். 2021-இல் அந்தக் காடு புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது.

முதலில் கோவில். 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இதுதான் என்று எங்கள் பக்கத்தில் அடித்துச் சொல்வோம். மதுரைக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்! ஆண்டாளின் இடது கையில் கிளி. தினம் தினம் புதிதாக இலைகளால் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. சூடிய மாலையோடு ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் பார்த்தேன். பிராகாரத்தைச் சுற்றினேன், மறுபடியும் சுற்றினேன். மூன்றாவது சுற்றுக்குத் திரும்பும்போது இவர் சொன்னார்: "ஆண்டாளைப் பார்த்தாச்சு. ஆளைப் பார்க்க வேண்டாமா?"

வெளியே வந்து கால் கிலோ பால்கோவா வாங்கினோம். பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டு, விறகடுப்பில் கைவிடாமல் கிண்டி எடுக்கிற இந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் ஒரு விரல்நுனி அளவோடு நிறுத்தினேன்.

தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். உதிர்ந்த முடி குட்டையாக, சுருட்டையாக முளைத்திருந்தது. நான் பயந்த மாதிரியே அழுதேன். அவள் அழவில்லை.

"வாங்கண்ணே" என்று இவரை வரவேற்றுவிட்டு என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில நர்சம்மா கட்டுப் பிரிக்கிறப்ப துணிப் பாக்கெட்டைப் பார்த்தேன். சத்திரப்பட்டின்னு போட்டிருந்துச்சு. நம்ம பக்கத்துத் துணி மதுரை வரைக்கும் வந்திருச்சு. நீ வரலியேடி."

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் வீதிக்கு வீதி தறிச் சத்தம். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "பயமா இருந்துச்சுடி" என்றேன். "எனக்கும்தான்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழைய பேச்சுதான், சிரிப்புதான்.

படுக்கையறைச் சுவரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. பேரப் பிள்ளைக்கு உயரம் பார்த்ததோ என்று நினைத்தேன். இல்லை. ஆபரேஷனுக்குப் பின் கை தூக்க முடியாதாம். டாக்டர் சொன்னபடி சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்றிப் பழகியிருக்கிறாள். எட்டிய இடத்திலெல்லாம் அவள் வீட்டுக்காரர் கோடு போட்டிருக்கிறார். முதல் கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே. கடைசிக் கோடு அவள் தலைக்கும் மேலே!

கட்டியைக் கண்ட பிறகும், வலி இல்லையே என்று ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாளாம். "வெக்கப்பட்டேன்டி. வலிக்காத கட்டின்னா பயமில்லேன்னு நினைச்சது பெரிய தப்பு" என்றாள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நாம் அல்ல. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள்.

"உங்க பெரியம்மாவுக்கு இருந்துச்சே. நீ பார்த்துக்கிட்டியா?" என்று திடீரென்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயந்தது அவளைப் பார்க்க மட்டுமா? "திங்கக்கிழமை நான் வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆனால் ஒழுங்காக வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

இதை எழுதச் சொன்னதும் அவள்தான். "பேரை மட்டும் போடாதே" என்றாள். உங்களுக்கும் இப்படி, போகாமலே கிடக்கிற ஒரு 12 கிலோமீட்டர் இருக்கும். இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிவிடுங்கள்.