அக்கா எப்போது வரவேண்டும்?

இலங்கைக்கு வர நல்ல காலம் டிசெம்பர் முதல் மார்ச் வரை என்று பயண முகவர்கள் சொல்வது காலிக்கும் ஹிக்கடுவைக்கும் சரி. திருகோணமலைக்குச் சரிவராது. தெற்கில் கடல் அடங்கும்போதுதான் எங்கள் கரையில் வாடைக்காற்று எழும்பும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். வைகாசியில் காற்றுத் திசை மாறினால் கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக் கடலோ குளம்போலக் கிடக்கும். நீர்கொழும்பு மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மாதங்களில் இங்கே வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வது இதனால்தான்.

இந்தக் காற்றுக் கணக்குக்குப் போர்க்கப்பல்களும் கட்டுப்பட்டன. சென்னைக் கரையில் அப்போது ஒதுங்க இடமில்லை. ஐப்பசி பிறந்தால் ஆங்கிலேயரின் கப்பற்படை புயலுக்கு அஞ்சிப் பம்பாய்வரை போகவேண்டியிருந்தது. எந்தக் காற்றுக்கும் ஒதுங்கக்கூடிய எங்கள் துறைமுகத்தின்மேல் எல்லோருக்கும் கண் விழுந்ததற்கு அது பெரிய காரணம். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரென் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார்.

கனடாவிலிருக்கும் அக்கா, குடும்பத்தோடு வரப்போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கும் அவவுக்கும் எந்த மாதம் வருவது என்ற பேச்சுத்தான்.

"டிசெம்பரில எல்லாருக்கும் லீவு. குளிருக்கும் தப்பலாம்."

"அக்கா, மழைக்குள்ள வந்து பிள்ளையள் என்ன செய்யுங்கள்? புறாத்தீவுக்குப் படகே போகாது."

அவ டிசெம்பரைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோவில் பனி கொட்டும் நேரம், வேலைத்தலத்திலும் விடுமுறை கிடைக்கும். மார்கழியின் அழகும் எனக்குத் தெரியாததல்ல. தம்பலகாமத்து வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையாக நிற்கும், விடியற்காலையில் கோயில்களில் திருவெம்பாவை கேட்கும். தனியாக வருகிற ஒருவருக்கு நான் அந்த மாதத்தைத்தான் சொல்வேன். ஆனால் புயல்களும் அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி எங்கள் மாவட்டத்தின் வடக்கே, திரியாய்ப் பக்கம் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா மலைநாட்டைச் சரித்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடலையே பார்த்திராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாக வருபவர்களிடம் அந்த மாதங்களில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி மாதம் பார்த்துப் பேச முடிவதே எங்களுக்குப் புதிது. 1983க்குப் பிறகு வெளிநாட்டில் இருந்தவர்கள் காற்றையும் மழையையும் பார்த்து ஊருக்கு வரவில்லை. சண்டை ஓய்ந்ததா என்று பார்த்தே வந்தார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபின் வந்தவர்கள் வெயிலோ மழையோ கிடைத்த கிழமையில் வந்து போனார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை வெடித்தது. கடல் மிக அமைதியாகக் கிடக்கும் மாதம் அது, அகதிகளாக மக்கள் நடந்த மாதமும் அதுவே. எங்கள் அப்பா காலமானதும் அந்தக் காலத்தில்தான். அக்காவுக்கு அங்கே அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. புறப்பட்டால் திரும்பிப் போக முடியாது. தொலைபேசியில் அழுததோடு சரி.

ஆகவே நான் சொல்லிக்கொண்டிருப்பது ஆடி அமாவாசையை. தகப்பனை இழந்தவர்களுக்கான நாள் அது, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. ஆடி அமாவாசையன்று கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் சனம் கூடும். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது எங்கள் ஊர்க் கதை. வீட்டில் மரக்கறிச் சமையல், காத்தோட்டிக்காய் கட்டாயம் இருக்கும். அந்தக் கசப்பை அக்கா தன் கையால் பொரித்து அப்பாவுக்குப் படைக்கவேண்டும், ஒரு முறையாவது. கடலும் வெயிலும் எனக்கு அதற்குப் பின்னால்தான்.

ஆனால் எல்லாம் ஒன்றாகவே அமைகின்றன. ஒன்ராறியோவில் ஜூன் கடைசியோடு பள்ளிக்கூடம் மூடினால் செப்டெம்பரில்தான் திறக்கும். கரைக்கு அருகிலேயே கடல் சடாரென்று ஆழமாகிவிடுவதால் பங்குனி தொடங்கி ஆவணிவரை நீலத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறாத்தீவில் தண்ணீர் தெளிந்திருக்கும், பவளப் பாறைக்குமேலே மீன்களைப் பார்த்தபடி நீந்தலாம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள் என்று மருமக்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பாலைப்பழமும் அந்தக் காலத்தில்தான் தெருவுக்கு வரும். வரும் வழியில் மின்னேரியாக் குளத்தடியில் யானைக்கூட்டம் நிற்கும். அமாவாசை கழிந்து ஐந்தாறு நாளில் நல்லூரில் கொடியேறும். அத்தானின் ஊர் யாழ்ப்பாணம், இங்கிருந்து அப்படியே போய்விடலாம்.

குறையும் உண்டு. கச்சான் காற்று வீசும் நாளில் வெயில் 35 பாகையைத் தொடும், உடம்பு காந்தும். கோணேசர் மலைக்குக் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடவேண்டும். நடுப்பகலில் அங்கே வெறுங்காலோடு பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். மத்தியானம் வீட்டில் படுத்துவிட்டுப் பின்னேரம் கோட்டையடிக்குப் போய் மான்களைப் பார்த்து, டச்பே கடற்கரையில் இருட்டும்வரை இருக்கலாம். விமானச் சீட்டும் அந்த மாதங்களில் கூடிய விலை. நாலு பேருக்கு அது சின்னக் காசில்லை, அக்கா தயங்குவது அதற்குத்தான்.

அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. அவவுக்கு ஏதும் ஒன்றென்றால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, கொட்டும் மழையிலும் வா என்றுதான் சொல்வேன். அதையும் அக்காவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆடி அமாவாசை ஆண்டுக்காண்டு நகரும். 2025இல் ஜூலை 24இல் வந்தது. 2026இல் ஓகஸ்ட் 12. முந்தின கிழமையே வந்து இறங்கினால் நேர மாற்றத்தின் தூக்கம் கலைந்துவிடும், கன்னியாவுக்கு விடியமுன் புறப்படலாம். அத்தானின் விடுமுறை உறுதியானதும் அந்தக் கிழமைக்கே சீட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.