தானமாக வந்ததையும் எடை போடுங்கள்

பிள்ளைகளே, நாற்பது ஆண்டுகள் மென்பொருள் எழுதிப் பிழைத்தவன் நான். அந்தக் காலத்தில் ஆரவாரமாகத் தொடங்கிய வேலைகளை நிறையவே பார்த்தேன். முடிந்தவை மிகச் சில. ஆகவே, கூலி வாங்காத சிலர் சேர்ந்து பெரிய காரியம் ஒன்றை முடித்துக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை வந்துவிடும். ‘எண்டரல்’ என்ற வீடியோ கேம் அப்படிப்பட்ட காரியம்.

அதை எனக்குக் காட்டியவன் பேரன். அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்யத் தொடங்கி, எட்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். அந்த வருத்தத்தில் இருந்தபோது, “தாத்தா, இதைச் செஞ்சவங்களும் கம்பெனி ஆளுங்க இல்ல. ஆடிப் பாத்துட்டு சொல்லுங்க” என்றான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒன்றரை மணி நேரமாக, மூன்று மாதம் ஆடினேன்.

ஜெர்மனியில் ‘ஷ்யூர் ஏ.ஐ.’ என்றொரு தன்னார்வக் குழு இருக்கிறது. பெதஸ்தா நிறுவனத்தின் விளையாட்டுகளை எடுத்து, அவற்றின் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு, நாடு, மக்கள், கதை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தங்களுடைய உலகத்தை அதில் குடியேற்றுவது இவர்கள் வழக்கம். மாரோவிண்டின் மேல் ‘ஆர்க்ட்வெண்ட்’ செய்தார்கள். ஒப்ளிவியனின் மேல் 2010-இல் ‘நேரிம்’ செய்தார்கள். அதே நிறுவனத்தின் ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. அதை மாற்றியமைக்கும் கருவியைப் பெதஸ்தா 2012 பிப்ரவரியில் இலவசமாகக் கொடுத்தது. அந்தக் கருவியால் செய்த எண்டரல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது 2016 ஜூலையில். அடுத்த மாதம் ஆங்கிலத்திலும் வந்தது, இரு மொழிகளிலும் முழுக் குரல்பதிவோடு.

இந்த ஆண்டுகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நாம் வியந்து பேசுவது அவர்களுடைய முதல் முயற்சியை அல்ல. அதற்குப் பின்னே நான்கு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மாலைப் பொழுதுகள் இருக்கின்றன. அந்தக் கருவியால் செய்ததை விற்கக் கூடாது என்பது அப்போதைய விதி. பணம் வராது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள்.

அந்த உலகத்தின் நிறைகளைச் சொல்கிறேன். ஆர்க் என்ற தலைநகரம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. அதன் அடியில், வெயில் படாத குகைக்குள், ஏழைகள் வாழும் இன்னொரு நகரம் கிடக்கிறது. மேலே கோயிலையும் மாளிகைகளையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிய அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சத்திரங்களில் பாணர்கள் பாடும் பாட்டுகள்கூட இந்த விளையாட்டுக்கென்றே எழுதி இசையமைத்தவை. கூலிக்காரன் அளந்து வைக்கும் இடத்தில் ஆசைக்காரன் அள்ளி வைக்கிறான்.

அதைவிட என்னைக் கவர்ந்தது ‘ஆர்கேன் ஃபீவர்’ என்ற ஒரு விதி. மற்ற விளையாட்டுகளில் காயம் பட்டால் மருந்துப் புட்டியைக் குடித்துக்கொண்டே போகலாம். இங்கே காயம் ஆற்றும் மருந்தே உடம்பில் ஒரு காய்ச்சலை ஏற்றுகிறது. அது நூறு சதவீதத்தைத் தொட்டால் மரணம். வாங்குபவர்களுக்கு எரிச்சல் வரும் என்று அஞ்சி ஒரு வணிக நிறுவனம் இதை எடுத்தே போட்டிருக்கும். யாருக்கும் விற்க வேண்டியிராதவர்கள் துணிந்து வைத்தார்கள்.

எதிரிகள் விஷயத்திலும் அதே கண்டிப்புதான். ஆடுபவரின் பலத்துக்கு ஏற்ப இங்கே எதிரியின் பலம் குறைவதில்லை. ஆரம்பத்திலேயே ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்து ஆறு முறை செத்தேன். ஏழாம் முறை திரும்பி நடந்தேன். சிறு வேலைகளைச் செய்து, காசு சேர்த்து, பாடப் புத்தகங்கள் வாங்கி (இந்த உலகில் திறமை வளர்வது புத்தகத்தால்தான்), மூன்று வாரம் கழித்து அதே வாசலில் போய் நின்றேன். கோட்டை அப்படியேதான் இருந்தது. உள்ளே நுழைந்தவன் மாறியிருந்தான். திரும்பி நடந்ததைத் தோல்வி என்று எண்ணாதிருக்க, வேலையில் எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

இனி குறைகள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்தப் பழமொழியை நான் இங்கே ஏற்க மாட்டேன். இலவசமாகத் தந்தார்களே என்று குறையை மறைத்தால், அவர்கள் செய்ததைப் பிள்ளை விளையாட்டாக நினைத்ததாகிவிடும்.

பேரனிடம் இருந்தது பழைய ஸ்கைரிம். அதன் எஞ்சின் 32 பிட். கொள்ளக்கூடிய நினைவகத்துக்கு எல்லை உண்டு. எண்டரலின் கனத்தைத் தாங்காமல் அது பல இரவுகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. ஒரு முறை ஒன்றரை மணி நேர ஆட்டம் முழுவதும் போயிற்று. இரவல் எஞ்சினை வாங்கினால் அதன் நோயையும் சேர்த்தே வாங்குகிறோம். வாள்வீச்சில் ஸ்கைரிமுக்கு இருந்த மொண்ணைத்தனமும் அப்படியே இங்கே வந்து சேர்ந்தது.

கதையிலும் பாதிப் புதுமைதான் உண்டு. மனிதர்களின் மனம் ஆழமாக வரையப்பட்டிருக்கிறது. ஜெஸ்பார் என்ற கூலிப் போராளியை எளிதில் மறக்க மாட்டேன். ஆனால் நாகரிகங்களைச் சுழற்சி சுழற்சியாக அழிக்க வரும் சக்தி என்ற அடித்தளம், ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விளையாட்டை ஆடியவர்களுக்கு முன்பே அறிமுகமானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பேச்சு. உலகம் அழியப் போகிற அவசரத்தில் இருவர் நின்று தத்துவம் பேசுகிறார்கள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் இருபத்தாறு வயது நினைவுக்கு வந்தது. அப்போது அலுவலகம் முடிந்ததும் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் ஒத்திகைக்குப் போவேன். எங்கள் முதல் நாடகம் மூன்றே கால் மணி நேரம் ஓடியது. இரவெல்லாம் கண்விழித்து எழுதிய நண்பனிடம், பத்துப் பைசா வாங்காதவனிடம், “இந்தக் காட்சி வேண்டாம்” என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசிக் காட்சிக்கு முன்பே பாதி நாற்காலிகள் காலி. எழுதியவன் மேடையின் ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்பினால் நாங்கள் செய்த தவறு அது. அன்றே ஒருவர் கடிந்து சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த இரவு வந்திருக்காது.

அந்தக் குகை நகரத்தை அவ்வளவு ஆசையாய்க் கட்டியதும், ஒரு பேச்சையும் வெட்ட மனமில்லாமல் விட்டதும் ஒரே கைதான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல மேலே ஒருவர் இல்லாத சுதந்திரம் இரண்டையும் கொடுத்துவிட்டது. பேரனுக்கும் இதைத்தான் சொன்னேன்: மீண்டும் தொடங்கினால், உங்கள் மூவரில் ஒருவருக்கு வெட்டும் அதிகாரத்தைக் கொடுங்கள், மற்ற இருவரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்தார்கள். வெளியிட்டதும் கையைக் கழுவிவிடாமல் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் புதிய பகுதிகளைச் சேர்த்து ‘ஃபர்காட்டன் ஸ்டோரீஸ்’ என்ற விரிந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னர் 64 பிட் ஸ்கைரிமுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். கதாசிரியர்களில் முதன்மையானவரான நிக்கோலஸ் லீட்ஸாவ், அதே ஜெஸ்பாரை வைத்து 2020-இல் ‘ட்ரீம்ஸ் ஆஃப் த டையிங்’ என்ற நாவலை வெளியிட்டார்.

எண்டரல் இன்றும் ஸ்டீம் தளத்தில் இலவசம். ஸ்கைரிம் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் உங்களைப் படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். ஆடி முடித்ததும் நல்லதையும் கெட்டதையும் ஒரு தாளில் எழுதி, உங்களோடு சேர்ந்து எதையாவது செய்துகொண்டிருக்கும் நண்பனிடம் காட்டுங்கள்.