‘மற்றும் பலர்’ என்ற பட்டியலில் ஒருவர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர், ரத்த நோய் மருத்துவர், போன வாரம் போன் செய்தார். (பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரென்று தெரிந்தாலும் கமெண்டில் போடாதீர்கள்.) ஒரு பதவிக்கான நேர்காணலில் அவர் பார்த்த நோயாளிகளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையாம். “உங்க ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” அதோடு சரி. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. “இருபது வருஷமா நான் ஒண்ணுமே செய்யலையோன்னு தோணுது சார்” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த ஹெச்-இண்டெக்ஸ் 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் பத்தையாவது, ஒவ்வொன்றும் பத்து முறையாவது, மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தால் அவருக்கு 10. ஐந்தே கட்டுரை எழுதியவர், உலகமே அவரை மேற்கோள் காட்டினாலும், 5ஐத் தாண்ட முடியாது.

அவரிடம் சுப்பாராவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வார்டிலிருந்து அழைப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ல் ஆந்திரத்து பீமவரத்தில் பிறந்தவர். படித்தது நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பார்கள். ஸ்ப்ரூ என்ற நோயில் சகோதரர்கள் இருவரை இழந்தவர். குடல் சத்தை உறிஞ்சாமல் ரத்தசோகையில் ஆளே உருகிப் போகும் நோய் அது.

அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கட்டுரை வந்தது 1925ல். மாலிப்டேட் சேர்த்தால் நீல நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்லலாம். உங்களில் பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது.

ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வழிநடத்திய குழுதான் ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, செயற்கையாகவும் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் அமிலம். ஸ்ப்ரூவின் ரத்தசோகைக்கும் அது மருந்தாயிற்று. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் ஆங்கியர். மேற்கோள் காட்டுகிறவர்கள் ‘ஆங்கியர் மற்றும் பலர்’ என்று எழுதுவார்கள். சுப்பாராவ் அந்தப் பலரில் ஒருவர்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்படியென்றால் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் வேண்டும். சுப்பாராவின் ஆட்கள் அமினோப்டெரின் செய்து கொடுத்தார்கள். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. தற்காலிகமாகத்தான், கட்டுரையின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை அந்த நோய்க்கு வழியே இல்லை. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் ஐந்து பேரில் சுப்பாராவ் பெயர் இல்லை. ஆகஸ்டில் 53 வயதில் இறந்துபோனார்.

மேற்கோள் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. பாஸ்பரஸ் கட்டுரை உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் உழைத்தது, அந்த எண்ணிக்கை அதற்குத் தகும். ஆனால் கட்டுரை எழுதுகிறவனுக்கு எது தேவைப்பட்டது என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டும். மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர் மேற்கோள் போடுவதில்லையே!

என் அக்கா பேரன் விஷயம் உறவுகளுக்குத் தெரியும். நாலு வயதில் ரத்தப் புற்றுநோய். அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட்டை வாராவாரம் விழுங்கினான். இப்போது பிளஸ் ஒன்.

தம்பி, இது உனக்கு. உன் கட்டுரைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று தாய்மார்களுக்காக நீ தமிழில் எழுதி அச்சடித்த ஒற்றைத் தாள் என்னிடம் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்தில் அதையும் இணைத்து அனுப்பு. அந்த வார்டில் எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற பதிவேட்டை ஒரு கட்டுரையாக எழுது. மேற்கோள் வந்தால் வரட்டும்.

உறவுகளுக்கு ஒன்று. மூட்டுவாதத்துக்கும் இந்த மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுக்கிறார்கள், நம் வீட்டிலேயே சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடுவது, தினமும் அல்ல. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு மாத்திரை டப்பாவின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.