ஒன்பது சுற்றும் ஒரு தடமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் திருவிடந்தை. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்றது. கருவறையில் ஆதிவராகர் பூமிப்பிராட்டியை இடது தொடையில் தாங்கியபடி நிற்கிறார். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார், கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒரே வடிவாக்கித் தம் இடப்பக்கம் ஏற்றுக்கொண்டார் என்கிறது தலபுராணம். உற்சவரின் பெயர் நித்திய கல்யாணப் பெருமாள். அந்தப் பெயரைக் கேட்டதுமே இங்கே வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று புரிந்துவிடும்.

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிவந்து அர்ச்சனை செய்கிறார்கள். பெருமாளுக்குச் சாற்றிய மாலை ஒன்று அவர்கள் கைக்குத் திரும்பி வருகிறது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது முறை சுற்ற வேண்டும். பிறகு மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தி, திருமணம் முடிந்ததும் தம்பதியாக வந்து அதைக் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். வழக்கம் இவ்வளவுதான்.

இந்தப் பிராகாரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பது நல்லது. இங்கே மாலையோடு நடப்பவர்களில் பலர் உடலால் மட்டுமே திருவிடந்தைக்கு வந்திருக்கிறார்கள். மனம் நாளைய பெண் பார்க்கும் படலத்திலோ, போன மாதம் கைவிட்டுப்போன வரனிலோ, சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வியிலோ சிக்கிக் கிடக்கிறது. செவ்வாய் தோஷம், வயது முப்பத்திரண்டு, தங்கைக்கு முடிந்துவிட்டது, தனக்கு இன்னும் இல்லை. வருங்காலத்தைப் பற்றிய கவலைதான் அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கிறது. ஆனால் வந்த இடத்தில் கிடைக்கிற வேலையோ முழுக்க முழுக்க இந்த நிமிடத்தின் வேலை. வெயில் ஏறிய கல்லில் வெறுங்கால் பட வேண்டும். மாலை நழுவாமல் தோளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகிற பாட்டியை இடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை தவறக் கூடாது.

“எத்தனாவது சுத்துடா?”

“அஞ்சும்மா... இல்ல, ஆறு.”

இந்த மாதிரிப் பேச்சு அங்கே அடிக்கடி காதில் விழும். அந்தத் தடுமாற்றத்துக்குள் ஒரு முழுப் பயிற்சியே இருக்கிறது. மனம் நழுவியதும் எண் நழுவுகிறது. எண் நழுவியதும், மனம் எங்கோ போயிருந்தது தெரிந்துவிடுகிறது. யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை, நினைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. காலுக்கும் கழுத்துக்கும் கணக்குக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கவலை மறைந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கவலையோடு சேர்த்தே நடக்கலாம், நடையை மட்டும் விடக் கூடாது.

எண்ணிக்கையைக் கொண்டு மனத்தைப் பிடித்து வைக்கும் வழியை இந்த மண்டலம் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர். அங்கே தம்முடன் வாழ்ந்த ஜோதிபாலர் என்ற துறவி வேண்டிக்கொண்டதால் ஓர் உரை எழுதியதாகத் தாமே குறித்திருக்கிறார். இலங்கையில் அவர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், மூச்சைக் கவனிக்கிறவர்கள் அதை எப்படி எண்ண வேண்டும் என்று விரிவாகச் சொல்லித்தருகிறது. ஐந்துக்குக் குறைவாக எண்ணி நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. ஐந்துக்குள் நிறுத்தினால், இடுக்கமான பட்டியில் அடைபட்ட மாடுகள் போல் மனம் முட்டிமோதும். பத்தைத் தாண்டினாலோ மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும். முதலில் தானியம் அளப்பவரைப் போல நிதானமாக எண்ணு, பழகியபின் மாடு மேய்ப்பவரைப் போல விரைவாக எண்ணு என்றும் அவர் சொல்கிறார்.

ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்பது. திருவிடந்தையின் ஒன்பது சுற்று புத்தகோசரிடமிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் வேர் வேறு, நம்பிக்கை வேறு. ஆனாலும் மனித மனம் எத்தனை வரைக்கும் கூடவே வரும், எப்போது சலித்து விலகும் என்பதைத் துறவியும் கண்டிருக்கிறார், கோயில் வழக்கத்தை வகுத்தவர்களும் கண்டிருக்கிறார்கள். நூறு சுற்று என்றால் கால் மட்டும்தான் நடக்கும். ஒன்றே ஒன்று என்றால் மனம் வந்து சேர்வதற்குள் முடிந்துபோகும்.

பௌத்தப் பயிற்சியின் ஒரு கிளை 1979இல் அமெரிக்காவில் மருத்துவமனைக்குள் நுழைந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வாழ்கிற நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சொற்களை அதிலிருந்து எடுத்துவிட்டார். மூச்சையும் உடலையும் நடையையும் கவனிக்கும் முறையை மட்டும் வைத்துக்கொண்டார். இன்று உலகம் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த வழியாக வந்தது. திருவிடந்தைக்கு மேற்கே, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் ஊழியர்களுக்கும் அந்தச் சொல் பழக்கமானதுதான்.

இப்படி ஒரு பயிற்சிக்கான தேவை உண்மையானது. ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் அவர்களுடைய கைப்பேசி வழியாக, எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரங்களில் மனம் செய்கிற காரியத்தில் இல்லை. செய்கிற காரியம் எது என்பதைவிட, மனம் அதில் இருக்கிறதா என்பதே அவர்களுடைய மகிழ்ச்சியோடு அதிகம் தொடர்புகொண்டிருந்தது. விழித்திருக்கும் வாழ்க்கையில் ஏறக்குறைய பாதி! நாம் இல்லாத இடத்திலேயே நம் வயது கழிகிறது என்றால், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஆனால் இதற்குத் தீர்வாக நம் முன் வைக்கப்படும் படம் ஒன்றுதான்: அமைதியான அறை, மூடிய கண், தனிமை. அது பலருக்கு உதவுகிறது, மறுப்பதற்கில்லை. என்றாலும் இந்தக் கடற்கரையில் கவனத்தைத் தொழிலாகவே வைத்திருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்கள். மாமல்லபுரத்துச் சிற்பி உளியை எடுக்கும் முன் கல்லைத் தட்டிக் காது கொடுக்கிறார். ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. உள்ளே விரிசல் ஓடுகிறதா என்பதையும் கல்லின் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். கோவளத்து மீனவர் படகைத் தள்ளும் முன், வீசுவது கொண்டலா கச்சானா, அலை எந்தப் பக்கம் உடைகிறது என்று நின்று பார்க்கிறார். அந்தப் பார்வையைத் தியானம் என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை.

இவர்களில் மிகக் கூர்மையான கவனம் யாருடையது என்று கேட்டால், திருவிடந்தைக்குத் தெற்கே அடுத்திருக்கும் வடநெம்மேலியைத்தான் காட்ட வேண்டும். சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து தோல் வணிகத்துக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் சங்கம் உருவானது. அதன்பின் பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது அவர்களுடைய வேலையானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அவர்கள் பிடிப்பவை. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வேலையின் மதிப்பு விளங்கும்.

வயல் வரப்பில் நடக்கும் இருளரின் கண் தரையை விட்டு எழுவதில்லை. புழுதியில் ஒரு வளைகோடு. எலி வளையின் வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா? குறுக்கே சிலந்தி வலை இருந்தால் அண்மையில் யாரும் உள்ளே போகவில்லை. உரித்துப் போட்ட சட்டை காய்ந்து கிடக்கிறதா, ஈரப்பசை இருக்கிறதா? எச்சம் எத்தனை நாள் பழையது? இத்தனையும் சேர்ந்துதான் உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவருகின்றன. பிறகு கடப்பாரையால் மெல்லத் தோண்டுகிறார். அந்த நேரத்தில் வீட்டுக் கடனையோ மகளின் பள்ளிக் கட்டணத்தையோ நினைத்துக்கொண்டிருக்க வழியில்லை. கண்ணாடி விரியன் அடுத்த கணத்துக்காகக் காத்திருக்காது.

பிடித்த பாம்புகள் சங்கத்தில் மண்பானைக்குள் சில வாரங்கள் இருக்கின்றன. பானையின் வாய் துணியால் கட்டப்பட்டிருக்கும். அந்த நாட்களில் சில முறை விஷம் எடுப்பார்கள். ஒரு கை தலைக்குப் பின்னால் பிடித்திருக்கும். பாம்பு, சவ்வு போர்த்திய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கும். மஞ்சள் துளிகள் உள்ளே இறங்கும். பிடி இறுகினால் பாம்புக்குக் காயம், தளர்ந்தால் மனிதருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சரியான அழுத்தத்தை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. முடிந்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கவனத்தின் வலிமையை உலகம் 2017 ஜனவரியில் பார்த்தது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே நடத்திய போட்டியில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஒரு மாதம் முயன்று பிடித்தவை 106 பாம்புகள். இவர்கள் இருவரும் முதல் எட்டு நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். முன்பின் பார்த்திராத நிலம், முன்பின் பிடித்திராத பாம்பு. கையில் இருந்தது ஓர் இரும்புக் கம்பி. மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள், பிரார்த்தனை செய்தார்கள், பீடி பற்றவைத்தார்கள், மீண்டும் தரையைப் பார்த்தார்கள். உள்ளூர் ஆட்கள் வண்டியில் கடந்துபோன இடங்களில் இவர்கள் குனிந்து நின்றார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது? பாம்பு பிடிக்கப் போக வேண்டியதில்லை. கவனத்துக்கு ஒரு பொருள் வேண்டும், அந்தப் பொருள் கைக்கோ காலுக்கோ தட்டுப்பட வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். காலையில் வெங்காயம் நறுக்கும்போது கத்திமுனையைப் பார்ப்பது, குழந்தைக்குத் தலை வாரும்போது சிக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் தேடுவது, பேருந்துக்காக நிற்கும்போது கைப்பேசியை எடுக்காமல் எதிர்க்காற்றின் ஈரத்தை முகத்தில் வாங்குவது. இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். செய்துகொண்டிருக்கும் வேலைக்குள்ளேயே இவை இருக்கின்றன. மனம் ஓடிப்போனால் ஓடிப்போகட்டும். ஆறாவது சுற்றா ஐந்தாவதா என்று குழம்பியவர் கோயிலை விட்டு வெளியேறிவிடுவதில்லை. ஒரு கணம் யோசித்து, ஒரு சுற்று கூடவே போனாலும் பரவாயில்லை என்று தொடர்ந்து நடக்கிறார்.

மாசி மகத்துப் பௌர்ணமியில் வட மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே கல்யாணங்களையும் நடத்துகிறார்கள். நித்திய கல்யாணப் பெருமாளின் ஊரும் கன்னியம்மனின் மணல்வெளியும் ஒரே சாலையில் ஒரே கடலைப் பார்த்தபடி இருப்பது இந்தப் பகுதியின் செல்வம்.

அந்தச் சாலையின் இருபுறமும் இப்போது மனைப்பிரிவுகள் எழுந்துவருகின்றன. சவுக்குத் தோப்பும் நெல்வயலும் இருந்த இடங்களில் எல்லைக்கல் நிற்கிறது, சுற்றுச்சுவர் வருகிறது, சுவருக்குள் தரை சிமெண்ட் ஆகிறது. சிமெண்டில் தடம் விழாது. வரப்பு இருந்தால்தான் எலி வளை இருக்கும். வளை இருந்தால்தான் பாம்பு வரும். பாம்பு வந்துபோன புழுதியைத் தகப்பன் காட்டினால்தான் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும். பாம்பு பிடிக்கச் சங்கம் வனத்துறையின் அனுமதியை எதிர்பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. அது தாமதமானால் அந்தக் காலம் முழுவதும் வருமானம் இல்லை, கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்குக் களமும் இல்லை. ஆகவே உரிய காலத்தில் அனுமதி தருவதும், செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைகளையும் வயல்களையும் மனைகளாகாமல் காப்பதும், அந்தப் பிள்ளைகள் தகப்பனோடு வரப்பில் நடக்கப் பள்ளி விடுமுறைகளில் சங்கத்துக்கு வழியும் உதவியும் செய்வதும் அரசு இப்போதே செய்யக்கூடிய காரியங்கள்.